முதல் ஆல்பத்தை எங்கிருந்து தொடங்குவது?

ஆறு ஆண்டுகளில் எழுதிச் சேர்த்த 23 பாடல்கள், ஒரு கிட்டார், ஓரளவு சேமிப்பு. இசை நிறுவனத்தின் துணை இல்லாமல் முதல் ஆல்பத்தைச் செய்து வெளியிட விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த மைக் வாங்குவது, வீட்டில் பதிவு செய்வதா ஸ்டூடியோவுக்குப் போவதா, எத்தனை பாடல்கள் வைப்பது, எப்படி வெளியிடுவது, 34 வயது தாமதமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். தாமே எழுதி மெட்டமைத்துப் பாடுகிறவர்களின் பாடல்களைப் பதிவு செய்வதும், பதிவான ஒலிகளை அளவு பார்த்து ஒன்றாகக் கலப்பதும்தான் 18 ஆண்டுகளாக என் தொழில். வயதுக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: கனடாவின் பாடகர் லியனார்ட் கோஹனின் முதல் ஆல்பம் 1967 டிசம்பரில் வந்தபோது அவருக்கு வயது 33. அதற்கு முன் அவர் கவிஞராகவும் நாவலாசிரியராகவும் இருந்தார். அந்த ஆண்டுகள் வீணாகவில்லை என்பது அவர் பாடல்வரிகளைக் கேட்டாலே தெரியும்.

உங்கள் பட்டியலில் மைக் முதலில் இருக்கிறது. வேலையில் அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோதான் வரும். ஆல்பம் தேறுமா தேறாதா என்பது பெரும்பாலும் பதிவைத் தொடங்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. குரலும் கிட்டாரும் மட்டும் இருக்கும்போதே பாட்டு சொந்தக் காலில் நிற்க வேண்டும். நிற்காத பாட்டுக்கு எத்தனை வயலின்களை முட்டுக் கொடுத்தாலும் அது சாய்ந்துகொண்டேதான் இருக்கும். இதைப் பலமுறை பார்த்துவிட்டதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

ஆகவே, கைபேசியை மேசைமீது வைத்து 23 பாடல்களையும் ஒரே மூச்சில் பாடிப் பதிவு செய்யுங்கள். ஒரு பாட்டுக்கு ஒரு வாய்ப்புதான். தவறினாலும் நிறுத்தாமல் முடியுங்கள். பிறகு இரண்டு வாரம் அதைத் தொடாதீர்கள். மீண்டும் கேட்கும்போது உட்கார்ந்து ஆராய வேண்டாம். நடந்துகொண்டோ பாத்திரம் கழுவிக்கொண்டோ கேளுங்கள். எந்த இடத்தில் உங்கள் கவனம் வேறு பக்கம் போகிறது என்று மட்டும் கவனியுங்கள். இரண்டாம் சரணத்தில் நினைவு வேறெங்கோ போய்விட்டால் அந்தச் சரணம் தேவையில்லை, அல்லது இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை.

அடுத்து ஒரு தாளில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே நான்கு விவரங்களை எழுதுங்கள்: சுருதி, வேகம், தொடங்கும் சொல், யாரைப் பார்த்துப் பாடுகிறது. இப்படி எழுதியவுடன் பலர் அதிர்ந்து போவார்கள். 23-இல் 14 பாட்டு ஒரே சுருதியில் இருக்கும், அதில் 9 ஏறக்குறைய ஒரே வேகத்தில் இருக்கும். தனியாக எழுதுகிறவருக்கு இது இயல்பு, ஏனெனில் கை பழகிய கார்டுகளுக்கே, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளுக்கே போகும். ஆனால் வரிசையாகக் கேட்பவருக்கு ஐந்தாவது பாட்டிலேயே அலுப்புத் தட்டும். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பாடல்கள் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள், இரண்டுமே நல்ல பாடல்களாக இருந்தாலும் சரி. மனம் கேட்காதுதான். எடுத்து வைத்ததை எறியப் போவதில்லை என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை 9 அல்லது 10 பாடல்கள், 35 முதல் 40 நிமிடங்கள் என்பேன். இந்த அளவு வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1948-இல் அறிமுகமான நீண்டநேர இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் தரம் கெடாமல் ஏறக்குறைய 22 நிமிடம்தான் வெட்ட முடியும். அந்த எல்லைக்குள் பல தலைமுறைக் கேட்பவர்களின் காது பழகியது. பிறகு வந்த குறுந்தகட்டில் 74 நிமிடம் கிடைத்தது. இடம் இருக்கிறதே என்று நிரப்பியதில் பல ஆல்பங்கள் இளைத்துப் போயின. இன்று இடத்துக்கு எல்லையே இல்லை, ஆகவே எல்லையை நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

இனி சுருதியும் வேகமும். ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு பாடகி தன் கைபேசிப் பதிவு ஒன்றைக் கொண்டுவந்தார். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, சமையலறையில் தரையில் உட்கார்ந்து முணுமுணுப்பாகப் பாடியது. கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதே பாட்டை ஸ்டூடியோவில் இரண்டு நாள் பாடினார். ஒரு சுரம் பிசகவில்லை, ஆனால் பாட்டு செத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் காலை இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டு, தாள வேகம் காட்டும் மெட்ரோனோமை வைத்து அளந்தேன். சமையலறைப் பதிவு நிமிடத்துக்கு 66 தட்டு, ஸ்டூடியோப் பதிவு 74. பிறர் முன்னால் பாடும் பதற்றத்தில் வேகம் ஏறியிருக்கிறது. உரக்கப் பாடியதால் குரலும் வேறாகிவிட்டது. ஒன்றரைக் கட்டை இறக்கினோம், கிட்டாரில் மெல்லிய தந்திகளை மாட்டினோம், மைக்கை நான்கு விரற்கடைக்கு நெருக்கினோம், விளக்கை அணைத்தோம். ‘தரையில் உட்காரட்டுமா?’ என்று கேட்டார். உட்கார்ந்தார். இரண்டாவது டேக்கில் அது வந்துவிட்டது. பல்லவிக்கு முன் அவர் மூச்சு இழுக்கும் ஒலி அந்தப் பதிவில் தெளிவாகக் கேட்கும். கலக்கும்போது அதை வெட்டச் சொன்னார்கள், நான் மறுத்துவிட்டேன்.

ஆகவே உங்கள் கைபேசிப் பதிவுகளை அழிக்காதீர்கள். பதிவு நாளில் வழி தப்பினால் திரும்பிப் பார்க்க அவைதான் இருக்கும். ஒவ்வொரு பாட்டையும் அரைக் கட்டை மேலும் கீழுமாக மூன்று நான்கு சுருதிகளில் பாடிப் பாருங்கள். எழுதிய சுருதியே பாட ஏற்ற சுருதியாக இருக்க வேண்டியதில்லை.

வீடா ஸ்டூடியோவா என்ற கேள்விக்கு என் பதில்: குரலும் கிட்டாரும் வீட்டில், டிரம்ஸ் இருந்தால் அதற்கு மட்டும் ஸ்டூடியோ. உங்கள் பாடல்களுக்கு அமைதியும் அவகாசமும் தேவை. மணிக்கணக்கில் வாடகை ஓடும்போது இரண்டுமே கிடைக்காது. ஆனால் வீட்டு அறையைச் சரிசெய்யாமல் விலையுயர்ந்த மைக்கை வாங்குவது பணத்தைத் தண்ணீரில் போடுவது. நுட்பமான மைக் மோசமான அறையையும் நுட்பமாகவே பதிவு செய்யும். புத்தக அலமாரியும் துணிமணியும் நிறைந்த அறை நல்லது, வெறுஞ்சுவரும் பளிங்குத் தரையும் கெடுதல். பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள். பலர் மைக்குக்குப் பின்னால் மட்டும் தொங்கவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். கார்டியாய்டு வகை மைக் தனக்கு எதிரே இருப்பதைத்தான் கேட்கிறது. அதாவது உங்களையும், உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து திரும்பி வரும் ஒலியையும். குளிர்சாதனப் பெட்டியை அணைத்துவிட்டு, மீண்டும் போட மறக்காமலிருக்க வீட்டுச் சாவியை அதற்குள் வையுங்கள்.

மைக் ஒரு சாண் தொலைவில் இருக்கட்டும். கிட்டப் போகப் போக அடிக்குரலின் கனம் கூடும். சில பாடல்களுக்கு அது அழகு, எல்லாவற்றுக்கும் வைத்தால் திகட்டும். தமிழில் ‘ப’கரச் சொற்கள் மைக்கைக் காற்றால் அடிக்கும், ‘ச’கரம் சீறும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் மூக்கின் உயரத்துக்குத் தூக்கிச் சற்றுச் சாய்த்தால் இரண்டும் குறையும். பதிவு மென்பொருளின் தர அமைப்பை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துப் பதிவு செய்யுங்கள். உச்ச ஒலி, திரையில் மேல் எல்லையாகத் தெரியும் பூஜ்யத்துக்குக் கீழே 10 டெசிபல் அளவில் நின்றால் போதும். அளவுமானியின் முள் சிவப்பைத் தொட வேண்டும் என்பது காந்த நாடாவில் பதிவு செய்த காலத்துப் பழக்கம், 24 பிட்டில் அதற்குத் தேவையே இல்லை. கிட்டாருக்குப் புதுத் தந்திகளை முந்தின நாளே மாட்டி நன்றாக இழுத்துவிடுங்கள். அன்று காலை மாட்டினால் நாள் முழுக்கச் சுருதி சேர்ப்பதிலேயே போகும்.

பதிவில் விழுந்த பழுதைப் பிறகு கலவையில் சரிசெய்துகொள்ளலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 1968-இல் வந்த, கனடாவின் பாடகி ஜோனி மிட்செலின் முதல் ஆல்பம் இதற்கு நல்ல உதாரணம். தயாரித்தவர் அமெரிக்கப் பாடகர் டேவிட் கிராஸ்பி. வாத்தியக் கூட்டம் வேண்டாம், மிட்செலின் குரலும் கிட்டாரும் முன்னால் நிற்கட்டும் என்று கிராஸ்பி எடுத்த முடிவு மிகச் சரியானது. ஆனால் திறந்த பியானோவை நோக்கிப் பாடவைத்து, தந்திகளின் எதிரதிர்வையும் பிடிக்க முயன்றதில் நாடா இரைச்சல் அளவுக்கு மீறி ஏறிவிட்டது. இரைச்சலை நீக்கப் போய், குரலின் மேல் அலைவரிசைகளும் கூடவே போயின. பாடல்கள் அற்புதமாக இருந்தும் ஒலியில் ஒரு மங்கல் தங்கிவிட்டது. அவ்வளவு பெரிய கலைஞருக்கே அப்படி என்றால், பதிவு செய்யும் நாளிலேயே ஹெட்போனில் இரைச்சலைத் தேடிக் கேட்பது நமக்கு எவ்வளவு அவசியம் என்று பாருங்கள்.

குரலையும் கிட்டாரையும் சேர்த்துப் பதிவு செய்வதா, தனித்தனியாகவா? இரண்டையும் சேர்த்தே எழுதினீர்கள் என்றால் சேர்த்தே பதிவு செய்யுங்கள் என்பது என் கட்சி. ஒரு சொல் பிசகினால் அதை மட்டும் மாற்ற முடியாது என்ற இழப்பு உண்டு. ஆனால் குரல் தயங்கும் இடத்தில் விரலும் தயங்கும் அந்த ஒத்திசைவு தனித்தனிப் பதிவில் வரவே வராது. முழு டேக் நான்கு அல்லது ஐந்து எடுங்கள், பிறகு நிறுத்துங்கள். ஆறாவதிலிருந்து பாடுகிறவர் பாட்டைப் பாடாமல் தன் தவறுகளைத் தவிர்க்கத் தொடங்குகிறார். கேட்கும்போது அது காதில் விழும்.

துணைக்கு ஒரு செல்லோவோ பின்குரலோ சேர்க்க நினைத்தால், இந்த ஒரு விஷயத்தை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்: எழுத்தில் ஒப்பந்தம். ஒரு பாட்டில் இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. ஒன்று வரிகளும் மெட்டும் சேர்ந்த படைப்பு, மற்றது அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவு. ஆல்பத்தின் பின்னட்டையில் வட்டத்துக்குள் ‘பி’ என்ற குறியைப் பார்த்திருப்பீர்கள். அது ஒலிப்பதிவு யாருடையது என்பதைச் சொல்கிறது. வட்டத்துக்குள் ‘சி’ அட்டைப்படம், எழுத்து ஆகியவற்றுக்கு. வாசிக்க வந்த நண்பர் ஊதியம் பெற்றுக்கொண்டு போகிறாரா, ஒலிப்பதிவில் பங்கு கேட்கிறாரா, மெட்டிலேயே தன் பங்கு இருக்கிறது என்று நினைக்கிறாரா என்பது அன்றே தெரிய வேண்டும். நான் கலந்த ஒரு ஆல்பத்தில், பாலமாக வரும் எட்டுத் தாள வட்ட இசையை நண்பர் ஒருவர் உட்கார்ந்த இடத்தில் உருவாக்கினார். எல்லோரும் மகிழ்ந்தோம், யாரும் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. சில ஆண்டுகள் கழித்து அந்தப் பாட்டை ஒரு விளம்பரத்துக்குக் கேட்டார்கள். மெட்டில் யாருக்கு எவ்வளவு என்று நண்பர்கள் இருவராலும் ஒத்துப்போக முடியவில்லை. விளம்பரம் கைவிட்டுப் போனது, நட்பும் போனது. பாட்டின் பெயர், தேதி, ஒவ்வொருவரின் பங்கு விழுக்காடு, கையெழுத்து என்று ஒரே ஒரு தாள் போதுமாயிருந்தது. பதிவு முடிந்த அன்றே, தேநீர் ஆறுவதற்குள் எழுதிவிடலாம்.

கலவையை நீங்களே செய்யலாம், வேறொருவரிடமும் கொடுக்கலாம். எப்படியானாலும் குரலை ஒளித்துவைக்காதீர்கள். முதல் ஆல்பம் செய்கிறவர்கள் கூச்சத்தால் தம் குரலைக் குறைத்து, எதிரொலியைக் கூட்டி, பின்னால் தள்ளிவிடுகிறார்கள். பக்கத்து அறையில் பேசுகிறவர்களுக்குத் தொந்தரவாகாத அளவுக்கு ஒலியைக் குறைத்துக் கேளுங்கள். அப்போதும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தால் குரல் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

மாஸ்டரிங், அதாவது கலந்து முடித்த பாடல்களை வெளியீட்டுக்கு ஏற்றபடி இறுதியாகச் சீர்செய்வது, அதை மட்டும் கண்டிப்பாக வேறொருவர் செய்யட்டும். மாதக்கணக்காக அந்தப் பாடல்களைக் கேட்ட உங்கள் காது இனி நம்பத்தக்கதல்ல. சத்தமாக இருக்க வேண்டும் என்று மெல்லிய ஒலியையும் உரத்த ஒலியையும் ஒரே மட்டத்துக்கு நெரிக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். இணைய இசைச் சேவையான ஸ்பாட்டிஃபை எல்லாப் பாடல்களையும் ஏறக்குறைய மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். என்ற ஒலி அளவுக்குச் சமப்படுத்தித்தான், கேட்பவர் அமைப்பை மாற்றாத வரை, ஒலிக்கச் செய்கிறது, ஆப்பிள் மியூசிக்கின் அளவு மைனஸ் 16. நீங்கள் எவ்வளவு நெரித்து அனுப்பினாலும் அவர்கள் குறைத்துவிடுவார்கள். மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் இருந்த வேறுபாட்டை இழந்ததுதான் மிச்சமாகும். பாடல்களின் வரிசையையும் இடைவெளிகளையும் இந்தக் கட்டத்தில் முடிவு செய்யுங்கள். இரண்டு நொடி என்று கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். கனமான பாட்டுக்குப் பிறகு ஐந்து நொடி மௌனம் தேவைப்படலாம், சில பாடல்கள் முந்தையதன் வாலைப் பிடித்துக்கொண்டே தொடங்கலாம்.

இப்போது வெளியீடு. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்றவற்றுக்குத் தனிநபர் நேரடியாகப் பாட்டு அனுப்ப முடியாது. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி போன்ற விநியோகஸ்தர் வழியாகத்தான் போக வேண்டும். சிலர் ஆண்டுக் கட்டணம் வாங்குவார்கள், சிலர் ஒருமுறைக் கட்டணமும் வருவாயில் ஒரு பங்கும் எடுப்பார்கள். ஆண்டுக் கட்டணம் என்றால், கட்டத் தவறிய ஆண்டில் பாட்டு கீழிறக்கப்படுமா என்பதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு உண்டு, ஆல்பம் முழுவதற்கும் தனியாக யு.பி.சி. என்ற விற்பனை அடையாள எண் ஒன்று உண்டு. தனிப்பாட்டாக முதலில் வெளியிட்டதைப் பிறகு ஆல்பத்தில் சேர்க்கும்போது அதே ஐ.எஸ்.ஆர்.சி.யைக் கொடுங்கள். கொடுத்தால்தான் அதுவரை கேட்கப்பட்ட எண்ணிக்கை சேர்ந்து வரும். உங்கள் பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். முதலெழுத்து ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னுமாக இருந்தால் நீங்கள் இரண்டு பாடகர்களாகிவிடுவீர்கள். அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்சல் சதுரமாக இருக்கட்டும். கைபேசித் திரையில் விரல்நகம் அளவில் தெரியும்போதும் அது என்ன என்று புரிய வேண்டும்.

2015 ஜூலை 10 முதல் உலகெங்கும் புது இசை வெள்ளிக்கிழமைகளில் வெளிவருவது வழக்கமாகியிருக்கிறது. குறைந்தது நான்கு வாரம் முன்னதாக விநியோகஸ்தரிடம் ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையில் உங்கள் பாட்டை, பாட்டுப் பட்டியல்களைத் தொகுப்பவர்களின் பார்வைக்கு நீங்களே முன்வைக்க வழி இருக்கிறது. வெளியாவதற்கு ஏழு நாள் முன்பாவது அதைச் செய்தால் உங்களைப் பின்தொடர்பவர்களின் புதுப்பாடல் பட்டியலிலும் அது சேரும். ஆல்பத்துக்கு முன் இரண்டு தனிப்பாடல்கள், ஐந்தாறு வார இடைவெளியில். மூன்றுக்கு மேல் வேண்டாம், ஆல்பம் வரும்போது புதிதாகக் கேட்க ஏதாவது மிஞ்ச வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1000 முறையாவது கேட்கப்படாத ஒலிப்பதிவுக்கு உரிமைத்தொகை கணக்கிடப்படுவதில்லை. முதல் ஆல்பத்தில் சில பாடல்கள் அந்தக் கோட்டைத் தாண்டாமல் போகலாம். மனம் தளர்ந்து, பல்லாயிரம் முறை கேட்கவைக்கிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் போய்விடாதீர்கள். பொய்யான கேட்பு என்று கண்டுபிடிக்கப்பட்டால் விநியோகஸ்தருக்கு அபராதம் விழும், அவர் உங்கள் பாட்டையே நீக்கக்கூடும். பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் உங்கள் நாட்டின் உரிமைத்தொகை வசூல் சங்கத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள், அது விநியோகஸ்தர் தரும் பணத்திலிருந்து வேறானது. நேரடியாக விற்க பேண்ட்கேம்ப் என்ற இணையதளம் நல்ல இடம். டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காடு எடுத்துக்கொண்டு, பணப்பரிமாற்றக் கட்டணம் போக மீதியைத் தருகிறார்கள். வாங்கியவரின் மின்னஞ்சலும் கிடைக்கும். என் கணக்கில், கடந்துபோகும் பத்தாயிரம் காதுகளைவிட உங்களுக்கு நேரில் கடிதம் எழுதக்கூடிய இருநூறு பேர் மதிப்பு மிக்கவர்கள். இசைத்தட்டு அச்சிடும் ஆசை இருந்தால், சோதனைத் தட்டைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் முழுதாகக் கேட்கும்வரை வெளியீட்டுத் தேதியை அறிவிக்காதீர்கள். அந்த வேலைக்கு மாதங்கள் பிடிக்கும்.

சேமிப்பை எப்படிப் பிரிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். மூன்றில் ஒரு பங்கை வெளியீட்டுக்கென்று முதல் நாளே ஒதுக்கித் தனியாக வையுங்கள். பதிவிலேயே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு, அட்டைப்படத்துக்குக்கூடக் கையில் காசில்லாமல் நின்றவர்கள் பலர். மீதியில் பெரும்பகுதி வாசிக்க வருகிறவர்களுக்கும் மாஸ்டரிங்குக்கும் போகட்டும். மைக்குக்கு இப்போதைக்கு எதையும் ஒதுக்காதீர்கள், இரண்டு மூன்றை வாடகைக்கு எடுத்து உங்கள் குரலில் சோதித்த பிறகு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

கடைசியாக, உங்கள் கடிதத்தின் ஓரத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு பாட்டைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள்: தாத்தாவின் கைக்கடிகாரத்தைப் பற்றியது, ‘மிகச் சாதாரணமாக இருக்கிறது, சேர்ப்பதாக இல்லை.’ மற்ற 22 பாடல்களில் ஒன்றைப் பற்றியும் நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. கைபேசிப் பதிவை அதிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.